மருந்துக்குக் காசில்லை, போய்வரத்தான் காசு

கேள்வி: அம்மாவுக்குச் சீனியும் பிரசரும். மாதம் ஒருமுறை கிளிநொச்சியில் கிளினிக். மருந்து இலவசம்தான், ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. 1977 கலவரத்தோடு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய ஊர் எங்களுடையது. டவுன் பக்கத்து ஆட்களுக்கு இந்த அலைச்சல் இல்லையே, ஏன்?
- வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: தங்கச்சி, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் பெரியவர்கள் வந்து இறங்கியபோது இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காணி எல்லாம் முன்பே பகிர்ந்தாகிவிட்டது, மிஞ்சியது காட்டோரத்து மேட்டுக்காணி. பஸ்ஸும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏ9 வீதிப் பக்கமும் வயல் பக்கமும்தான் வளர்ந்தன. எந்த ஊர் என்று கேட்டுவிட்டு யாரும் மருந்துத் துண்டு எழுதுவதில்லை (பேச்சிலேயே கண்டுபிடித்து முகம் மாறுகிற ஆட்கள் உண்டு, அது வேறு கதை), ஆனால் காணியோடு தூரத்தையும் சேர்த்துத்தான் உங்களுக்குத் தந்தார்கள்.

விடிய நாலரைக்கு எழும்பி, பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியோடு முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் எடுத்து, மருந்து வாங்கித் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். கச்சான் பிடுங்குகிற நாளென்றால் யாருக்கு மனம் வரும்? "இருக்கிற குளிசையைப் பாதியாய் உடைத்துப் போடுவம்" என்று அம்மாமார் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். அப்படி மட்டும் செய்ய விடாதீர்கள்.

சரி, செய்யக்கூடியது என்ன? வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால், கிளினிக்கைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றித் தரும்படி டாக்டரிடம் நேரே கேளுங்கள். வாய்விட்டுக் கேட்காமல் நடக்காது. அதே குளிசை அங்கே இருக்கிறதா என்று முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர், வீட்டில் பிரிட்ஜும் இல்லை என்றால், ஈரமணல் போட்ட சட்டிக்குள் சின்ன முட்டியை இறக்கி, குப்பியைப் பொலித்தீனில் கட்டி அதற்குள் வைக்கலாம். அப்புறம், ஊரில் பத்துப் பேருக்கு இதே பாடு என்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் நடமாடும் கிளினிக் கேளுங்கள். தனி ஆள் கேட்டால் "பார்ப்பம்" என்பார்கள், சங்கம் கேட்டால் திகதி சொல்வார்கள்.

கேள்வி: 1990 நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் காசு கேட்குமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கேட்காது. 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. ஒழுங்கையை விளங்கப்படுத்த முடியாவிட்டால் சந்திக் கடையின் பெயரைச் சொல்லி, டோர்ச்சோடு ஒருவரை அங்கே நிறுத்துங்கள். பாம்புக்கடி என்றால் மந்திரித்துப் பார்வை பார்க்கிறவர் வீட்டுக்கு முதலில் ஓடாதீர்கள், ஆஸ்பத்திரியால் திரும்பி வந்தும் பார்க்கலாம்.