வாங்கும் முன்: பழைய மாடல் கேமரா, பழைய ஸ்டாக், பில் இல்லாத கேமரா

இந்த முறை மலை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் கேமராவைப் பற்றியவை. சுருக்கித் தருகிறோம்.

கேள்வி: புது மாடல் வந்துவிட்டது, பழையதை கம்பெனி நிறுத்திவிடும், இன்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடையில் அவசரப்படுத்துகிறார்கள். உண்மையா?
- வாசகர், ஊட்டி

பதில்: புது மாடல் வந்த அன்றே பழையது மறைந்துவிடாது. சோனி ஆர்எக்ஸ்100 வந்தது 2012இல். 2013, 2014, 2015 என்று வரிசையாக அதன் அடுத்தடுத்த பதிப்புகளான மார்க் 2, 3, 4 மாடல்கள் வந்தன. அவற்றோடு கூடவே முதல் மாடலும் பல ஆண்டு கடையில் இருந்தது. சோனியின் 2018 மாடலான ஏ7 மார்க் 3, 2021இல் மார்க் 4 வந்த பிறகும் விற்பனையில் தொடர்ந்தது. புதியதை உயர்ந்த விலையில் வைத்து, பழையதை அதைவிடக் குறைந்த விலையில் கூடவே விற்பது சோனியின் வழக்கம். கேனான் 1500டி 2018இல் வந்தது. உள்ளே கண்ணாடி இல்லாத புது வகையான மிரர்லெஸ் கேமராக்கள் வந்து குவிந்த பிறகும் அது முதல் கேமரா வாங்குவோருக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தது. நின்றுபோன மாடல் திரும்பி வருவதும் உண்டு. 2016இன் கேனான் இக்சஸ் 285, 2025இல் பெயரோடு ஓர் எழுத்து மட்டும் கூடி மறுபடி வந்தது. வழக்கமான எஸ்டி கார்டுக்குப் பதில் அதில் மைக்ரோ எஸ்டி.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கம்பெனி இன்னும் தயாரித்து அனுப்பும் பழைய மாடலா, தயாரிப்பு நின்று கடையில் தேங்கிய ஸ்டாக்கா? பெட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியுள்ள லேபிளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. தேதி ஆறு மாதத்துக்குள் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் மாடல். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் தேங்கியது. அதற்கேற்ற விலையைக் கேளுங்கள். அந்த லேபிளே இல்லையென்றால் கம்பெனி வழியாக வராமல் வெளியிலிருந்து கொண்டுவந்த "இம்போர்ட்டட் பீஸ்". இந்திய வாரண்டி கிடையாது.

கேள்வி: பறவைப் படம் எடுக்க ஆசை. நிக்கான் பி1000 பழைய ஸ்டாக் ஒன்று கோவையில் குறைத்துத் தருகிறார்கள். பி1100 வந்த பிறகு இதை வாங்கினால் ஏமாந்தவள் ஆவேனா?
- ஆசிரியை, கோத்தகிரி

பதில்: மாட்டீர்கள் அம்மா. 2018இன் பி1000இலும் 2025இன் பி1100இலும் அதே 24-3000 மி.மீ. லென்ஸ், அதே 125 மடங்கு ஜூம், அதே 16 மெகாபிக்சல். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கேமராக்களுக்கு யூஎஸ்பி-சி சார்ஜ் துளை கட்டாயமாயிற்று. பி1100இல் கண்ணுக்குத் தெரியும் பெரிய மாற்றமும் அந்தத் துளைதான்.

ஆனால் வாங்கும் முன் கையில் தூக்கிப் பாருங்கள். 1.4 கிலோ. முழு ஜூமில் லென்ஸின் ஒளித்துளை எஃப்8 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும்). சோலைக்குள் காலை ஏழு மணி வெளிச்சத்துக்கு அது போதாது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600க்கு மேல் ஏற்ற வேண்டிவரும், 1/2.3 அங்குலச் சின்ன சென்சாரில் இறகின் கோடுகள் கரைந்துவிடும். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வெயிலில் உட்காரும் பறவைக்கு இந்த கேமரா நன்று. அடிப்புதரில் தாவும் நீலகிரி சிரிப்பானுக்குச் சிரமம். பனிமூட்டத்தில் நெடுந்தூரப் படம் எந்த ஜூமிலும் வெளுத்துத்தான் வரும். நிக்கான் பி950 கிடைத்தால் அதையும் பாருங்கள். ஒரு கிலோ எடை, 2000 மி.மீ., முழு ஜூமில் எஃப்6.5. பி1000, பி950 இரண்டுக்கும் ஒரே பேட்டரி, இஎன்-இஎல்20ஏ. பி1000இல் ஒரு சார்ஜுக்குச் சுமார் 250 படம் என்பது கணக்கு. குளிரில் அது இன்னும் குறையும். இரண்டாவது பேட்டரிக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கேள்வி: அடுத்த மாடல் வரும்வரை காத்திருக்கலாமா?
- வாசகர், மஞ்சூர்

பதில்: இப்போது எடுக்க வேண்டிய படம் இருந்தால் இப்போதே வாங்குங்கள்.

கேள்வி: கடன் வாங்கி நிக்கான் டி5600 எடுத்தேன். புதுசு என்றுதான் கொடுத்தார்கள். பெட்டியில் சீல் இல்லை, செக் பண்ணத் திறந்தோம் என்றார்கள். வீட்டில் முதல் படமே 2,300க்கு மேல் நம்பர் காட்டுகிறது. பில் இருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
- கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: தம்பி, உங்கள் மேல் தவறில்லை. பில் வாங்கி வைத்ததால் வழியும் இருக்கிறது.

முதலில் சான்றை உறுதி செய்யுங்கள். படத்தின் எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஏற்கெனவே படங்கள் இருந்த கார்டைப் போட்டிருந்தால் கேமரா அந்த எண்ணிலிருந்து தொடரும். வேறு கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஒரு ஜேபெக் எடுத்து, கார்டு ரீடர் வழியாக நேரே கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் உதவாது. உள்ளே பதிந்த விவரங்கள் அதில் அழிந்துவிடும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் தன் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கை, ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்ற அந்த உள்விவரங்களை முழுதாகக் காட்டும் இலவச மென்பொருள்கள் அதைப் படித்துக் காட்டும். புது பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) தொழிற்சாலைச் சோதனைக்காக ஒரு சில எண்ணிக்கை இருக்கலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது டிஸ்ப்ளே பீஸ், அல்லது யாரோ பயன்படுத்தித் திருப்பித் தந்தது.

பயன்படுத்தியதை, புதுப்பித்ததைப் புதியது என்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: பில் எண், தேதி, சீரியல் நம்பர், ஷட்டர் எண்ணிக்கை, மாற்றம் அல்லது முழுப் பணம், 15 நாள் கெடு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அதுவரை தள்ளாதீர்கள். அந்தச் சோதனைப் படத்தைத் தவிர, இன்றிலிருந்து அந்த கேமராவில் மேலும் படம் எடுக்க வேண்டாம். எண்ணிக்கை ஏற ஏற உங்கள் வாதம் பலவீனமாகும்.

கேள்வி: பில் இல்லாமல் எடுத்தால் கணிசமாகக் குறைக்கிறேன் என்கிறார்கள். ஜிஎஸ்டியை நாம் ஏன் கட்ட வேண்டும்?
- ஓய்வுபெற்றவர், அரவங்காடு

பதில்: இந்தக் கேள்விக்கு எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை. பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் அடங்கிய விலை. கேமராவுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது. "வரி தனி" என்று மேலே போடுபவர் இல்லாத ஒன்றைக் கேட்கிறார். "பில் வேண்டாமென்றால் குறைப்பேன்" என்பவர் விற்றதற்கான தடயத்தையே அழிக்கிறார். அதற்கு விலை கொடுப்பவர் நீங்கள். வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்கியது என்று சர்வீஸ் சென்டர் கேட்கும்போது உங்களிடம் தாள் இருக்காது. கேமரா திருடுபோனால் காவல் நிலையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆணையத்தில் நீங்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளர் என்பதை நிறுவுவதே கடினமாகும். பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான்.

பில் என்றால் எந்தப் பில்? "கேமரா 1" என்று எழுதிய துண்டுத்தாள் ஆகாது. கடையின் ஜிஎஸ்டி எண், தேதி, மாடலின் முழுப் பெயர், பாடியின் சீரியல் நம்பர், லென்ஸுக்குத் தனி சீரியல் நம்பர் எல்லாம் வேண்டும். பெட்டியில், பாடியின் அடியில், பில்லில் மூன்றிலும் ஒரே எண்ணா என்று கவுண்டரில் நின்றபடியே ஒத்துப் பாருங்கள். பழைய ஸ்டாக் விற்கும்போதுதான் பெட்டி ஒன்று, பாடி வேறொன்று என்று மாறிப்போகிறது. இரண்டு நிமிட வேலை. இதற்குச் சலித்துக்கொள்ளும் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: பில் எடுக்கவில்லை. பெட்டியையும் போட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் லென்ஸ் மாட்டிக்கொண்டது. வாரண்டி வாங்க வழி உண்டா?
- வாசகர், வெலிங்டன்

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். அட்டையிலோ யூபிஐயிலோ பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பில் நகல் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பழுதுச் செலவு உங்களுடையது.

கேள்வி: இங்கே ஒரு கடையில் இரண்டு வருடமாக இருக்கும் கேனான் 200டி மார்க் 2ஐக் குறைத்துத் தருகிறார்கள். மலை ஈரத்தில் இருந்தது என்று தயக்கம்.
- வாசகி, கொடைக்கானல்

பதில்: நியாயமான தயக்கம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸ் கண்ணாடிக்கிடையில் பூஞ்சை பிடிக்கும். பெட்டி திறக்காவிட்டாலும் அட்டை ஈரம் இழுக்கும். பூஞ்சைக்குப் பொதுவாக வாரண்டி பொருந்தாது.

லென்ஸைக் கழற்றி, மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். ஜூமை இரு முனைக்கும் திருப்பியும் பாருங்கள். ஒட்டடை போல் இழைகள் தெரிந்தால் வேண்டாம். இரண்டொரு தூசிப்புள்ளி பரவாயில்லை. அடுத்தது பேட்டரி. சார்ஜ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்த லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் செத்திருக்கும். முழுக்க சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லி, கேமராவை ஒரு மணி நேரம் இயக்கிப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு பழைய ஸ்டாக் கேமரா வாங்கி, ஒரே மாதத்தில் எனக்குப் பேட்டரிச் செலவு வந்தது. கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரும் பழையதாக இருக்கும்; கம்பெனி இணையதளத்தில் புதியது இலவசம். கார்டை கேமராவில் ஃபார்மட் செய்து, அந்த ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேராகக் கார்டில் வைத்து, முழுச் சார்ஜோடு மெனு வழியாக ஏற்றுங்கள். ஏறும்போது ஸ்விட்சைத் தொடக் கூடாது.

வாங்கிய பிறகு மூடி இறுகும் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி இருந்தால் போதும். 40-50 சதவீதத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: நிக்கான் டி90 இருக்கிறது. ஏஎஃப்-பி 70-300 லென்ஸ் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஃபோகஸ் ஆகவில்லை.
- வாசகர், குன்னூர்

பதில்: ஆகாது. ஏஎஃப்-பி என்பது டி90க்குப் பிறகு வந்த லென்ஸ் வகை. டி90இல் அதைக் கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது, அதன் வளையம் மின்சாரத்தில் இயங்குவது. திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பாடியின் பெயரைச் சொல்லிப் பொருந்துமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கேனான் எம்50 மார்க் 2 பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், பந்தலூர்

பதில்: கூட வரும் லென்ஸ் உங்களுக்குப் போதும் என்றால் வாங்கலாம். 2012இல் தொடங்கிய அந்த கேமராவின் இஎஃப்-எம் மவுண்டை (லென்ஸ் மாட்டும் வளைய அமைப்பு) கேனான் 2023இல் முடித்துவிட்டது. 2011இல் வந்த நிக்கான் 1 வரிசைக்கும் 2018இல் அதே முடிவுதான். இனி புது லென்ஸ் வராது, கேனானின் புது ஆர்எஃப் வகை லென்ஸும் அதில் மாட்டாது. கேனான் டிஎஸ்எல்ஆரின் பழைய இஎஃப் லென்ஸ் உங்களிடம் இருந்தால் அடாப்டர் போட்டு எம்50இலும் மாட்டலாம், ஆர்50 போன்ற புது பாடியிலும் மாட்டலாம். ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். எம்50க்குக் கேட்கும் விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆர்50 வருமா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.