கத்திரி வெயிலில் கூடைப்பந்து லீக்: வாசகர் கேள்வி பதில்

மே பிறந்தால் பெரியகுளம், கரூர், கோவை என்று அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் வரிசை கட்டும். வங்கி, ரயில்வே, ராணுவ அணிகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு, 'நாமும் சம்பளம் கொடுத்து ஒரு லீக் நடத்தினால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எங்களிடம் ஒரே கோர்ட், ஃப்ளட்லைட் உண்டு. 6 அணிகள் சேர்ந்திருக்கின்றன. எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆட எத்தனை நாள் வேண்டும்? அட்டவணை போடுவது எப்படி? (திருமங்கலம் வாசகர்)

மொத்தம் 15 ஆட்டங்கள். கடிகாரக் கணக்கில் ஓர் ஆட்டம் 40 நிமிடம்தான். ஆனால் ஃபவுலுக்கும் பந்து வெளியே போவதற்கும் கடிகாரம் நிற்கும். குவார்ட்டர்களுக்கு நடுவே 2 நிமிடம், பாதி ஆட்டத்தில் 15 நிமிடம், அணிக்கு 5 டைம் அவுட். எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே 5.30, 7.15, 9.00 என்று ஆட்டங்களை வையுங்கள். மணிக்கு ஓர் ஆட்டம் என்று நோட்டீஸ் அடித்தால் இரண்டாம் நாளே அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு தாளில் மேல் வரிசையில் 1, 2, 3 என்றும், அதற்கு நேர் கீழே 6, 5, 4 என்றும் எழுதுங்கள். மேலும் கீழும் இருப்பவர்கள் மோதுவது முதல் சுற்று: 1-6, 2-5, 3-4. அடுத்து 1 அசையாமல் நிற்க, மற்ற ஐந்தையும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்துங்கள். 1-5, 6-4, 2-3 வரும். இப்படியே 1-4, 5-3, 6-2. பிறகு 1-3, 4-2, 5-6. கடைசியாக 1-2, 3-6, 4-5. யாரும் விடுபட மாட்டார்கள், எந்த ஜோடியும் இரண்டு முறை வராது. எந்த அணிக்கு எந்த எண் என்பதை எல்லா அணி மேலாளர்களும் இருக்கும்போது சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே ஒழியும்.

ஒரு சுற்றை ஒரே மாலையில் முடித்தால் 5 நாளில் லீக் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் ஒவ்வொரு அணியும் ஐந்து இரவு தொடர்ந்து ஆட வேண்டும். சிமென்ட் தரையில் மூன்றாம் நாளே கணுக்காலும் முழங்காலும் பேச ஆரம்பிக்கும், அரையிறுதியில் நொண்டிகள்தான் ஆடுவார்கள். ஒரு நாள் ஆட்டம், ஒரு நாள் ஓய்வு என்று 9 நாளாக விரிப்பதே நல்லது. எல்லா அணிக்கும் ஒரே அளவு ஓய்வு கிடைக்கும். கோடை மழை ஓர் ஆட்டத்தைக் கெடுத்தால் மறுநாள் மாலை காலியாக இருக்கும். 9 மணி ஆட்டத்தை ஒரே அணியின் தலையில் கட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

இன்னொன்று: தேதி குறிக்கும் முன் மதுரைச் சித்திரைத் திருவிழா நாட்களைப் பாருங்கள். எதிர்சேவையன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் நடந்தே கடப்பது கஷ்டம். வெளியூர் அணியின் வேன் 5.30-க்கு வந்து சேராது.

நான்கு அணிகள் உள்ள பிரிவில் மூன்று அணிகள் தலா 2 வெற்றி பெற்றன. 'மொத்தப் புள்ளி வித்தியாசம் எங்களுக்குத்தான் அதிகம்' என்று ஓர் அணி வாதிட்டது. யார் முன்னேற வேண்டும்? (மேலூர் வாசகர்)

அந்த அணியின் வாதம் செல்லாது. சர்வதேச விதிப்படி வென்றால் 2 புள்ளி, தோற்றால் 1, வராமல் போனால் 0. சமநிலை வந்தால், சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். நான்காம் அணியை யார் 50 புள்ளியில் நொறுக்கினார்கள் என்பது அப்போது கணக்கில் வராது.

உதாரணமாக, அ அணி ஆ-வை 70-58 என்றும், ஆ அணி இ-யை 66-61 என்றும், இ அணி அ-வை 55-52 என்றும் வென்றிருக்கட்டும். தங்களுக்குள் மூவருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. இனி வித்தியாசம் பார்க்கலாம். அ-வுக்கு 12 கூட்டல், 3 கழித்தல்: +9. இ-க்கு 3 கூட்டல், 5 கழித்தல்: -2. ஆ-வுக்கு 5 கூட்டல், 12 கழித்தல்: -7. எனவே அ முதலிடம், இ இரண்டாமிடம், ஆ வெளியே. அதுவும் சமமாக இருந்தால்தான் அந்த ஆட்டங்களில் போட்ட மொத்தப் புள்ளி, அதற்கும் பிறகே பிரிவின் எல்லா ஆட்டங்களின் வித்தியாசம். ஒரு காலத்தில் வகுத்துப் பார்க்கும் 'கோல் ஆவரேஜ்' இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிக் குழப்புவார்கள், இப்போது கழித்தல்தான்.

தோற்கும் ஆட்டத்திலும் கடைசி நிமிடத்தில் 9 புள்ளி பின்தங்கியிருப்பதை 4 ஆக்குவது லீக்கில் பெரிய காரியம். பெஞ்சில் ஒருவர் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்க வேண்டும்.

மாலை முதல் ஆட்டத்தில் பந்து குரங்காகத் துள்ளுகிறது. அதே பந்து 9 மணி ஆட்டத்தில் சரியாக இருக்கிறது. என்ன காரணம்? (வாடிப்பட்டி வாசகர்)

பந்துப் பையை வெயிலில் வைத்திருக்கிறீர்கள். 30 டிகிரியில் 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று அடித்த பந்து, வெயிலிலோ மூடிய காரின் டிக்கியிலோ 50 டிகிரிக்குச் சூடானால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 9.5 ஆகிவிடும். பெரும்பாலான பந்துகளில் வால்வு அருகே 7-9 என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அவசரப்பட்டுக் காற்றை இறக்கினால் இரவு ஆட்டத்தில் பந்து செத்துப்போகும். நிழலில் வைத்து, ஆட்டத்துக்கு அரை மணி முன் சோதியுங்கள். சுவரில் 1.80 மீட்டரில் ஒரு கோடு போட்டு, பந்தின் அடிப்பகுதி அந்தக் கோட்டில் இருக்குமாறு பிடித்து, கீழே விழ விடுங்கள். துள்ளி எழும்போது அடிப்பகுதி 1 மீட்டருக்குச் சற்று மேலே வந்தால் போதும். பம்ப் ஊசியைத் தண்ணீரில் நனைக்காமல் குத்தாதீர்கள். வால்வு கிழிந்தால் பந்து போயிற்று.

ஆண்களுக்கு 7-ஆம் எண், பெண்களுக்கு 6-ஆம் எண் பந்து. சிமென்ட் கோர்ட்டில் தோல் பந்து ஒரு தொடரைக்கூடத் தாங்காது, ரப்பரோ காம்போசிட்டோ வாங்குங்கள்.

ரிங் முன்பக்கம் சரிந்திருப்பதாகச் சந்தேகம். எப்படிச் சோதிப்பது? (சோழவந்தான் வாசகர்)

கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி ரிங்கின் மேல் முன்பின்னாக ஒருமுறை, இடவலமாக ஒருமுறை வையுங்கள். பிறகு தரையிலிருந்து ரிங்கின் மேல்விளிம்பு வரை நான்கு இடத்தில் டேப் பிடியுங்கள், 3.05 மீட்டர் வர வேண்டும். தரையே வாட்டமாக இருந்தால் நான்கு அளவும் வேறுபடும், அதனால்தான் ரசமட்டம் முதலில். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் பையன்கள் தொங்கியதில் போல்ட் தளர்ந்திருக்கும். முறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். போல்ட் இறுக்கமாக இருந்தும் சரிவு போகவில்லை என்றால் பின்தகட்டு வெல்டிங்கில் விரிசல் இருக்கும். அதன் அடியில் ஆட்டம் வைக்கக் கூடாது. வாஷர் சொருகிச் சமாளிப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதன்முறையாகச் சம்பளத்துக்கு ஒரு லீக்கில் ஆடப்போகிறேன். நான்காம் குவார்ட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நிறையத் தண்ணீர் குடித்தும் பயனில்லை. (தல்லாகுளம், கல்லூரி மாணவி)

தண்ணீர் மட்டும் குடிப்பதே ஒரு காரணமாக இருக்கலாம். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துவிடும். முற்றினால் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆபத்தில் முடியும்.

முதலில் உங்கள் உடம்பின் கணக்கை எடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 60 கிலோவாக இறங்கி 58.8-ஆக வெளியே வந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், நீங்கள் விட்ட வியர்வை 1.7 லிட்டர். எடையில் 2 சதவீதம், அதாவது உங்களுக்கு 1.2 கிலோ குறைந்தாலே ஓட்டமும் குறியும் மந்தமாகும். அந்த இழப்பை ஆட்டத்துக்குள் முழுவதும் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு இடைவேளையிலும் நாலைந்து மடக்கு, ஆட்டம் முடிந்தபின் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம் இரவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக.

எதைக் குடிப்பது? மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். வீட்டிலேயே என்றால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து. அரைக்குப் பதில் கை நிறைய உப்பைப் போட்டுவிடாதீர்கள். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், மதியம் உப்பு மோர், இரண்டுமே நம் ஊர்ப் பானங்களில் இதற்குப் பொருத்தமானவை. ஜிகர்தண்டாவை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாலும் ஐஸ்கிரீமும் வயிற்றில் கனக்க ஓட முடியாது.

உப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. பயிற்சியில் 20 நிமிடம் ஆடிவிட்டு லீக்கில் 35 நிமிடம் ஆடினால் களைத்த தசை எப்படியும் பிடிக்கும். கால் பிடித்தால் உட்கார்ந்து முழங்காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி இழுத்து 20-30 விநாடி பிடியுங்கள். அமுக்கித் தேய்த்துவிட்டு உடனே ஓடாதீர்கள்; அடுத்த தாவலில் திரும்ப வரும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏ.சி. ஜிம்மில் தயாராகிவிட்டு மே மாதத்தில் நேரே சிமென்ட் கோர்ட்டில் இறங்குகிறவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

உங்கள் அணி மேலாளருக்கும் ஒரு வார்த்தை. வீராங்கனை தள்ளாடினால், பேச்சு குழறினால், எந்தப் பக்கம் கூடை போடுவது என்றே தெரியாமல் நின்றால், அது வெப்பத்தாக்கு. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அதுவேதான். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் படுக்கவைத்துக் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தடுமாறும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

லாஸ் வேகாஸ் சம்மர் லீக்கில் ஆடினால் என்.பி.ஏ. (அமெரிக்க ஆண்கள் தொழில்முறை லீக்) வீரர் என்று சொல்லலாமா? இந்தியர் யாராவது ஆடியிருக்கிறார்களா? (மதுரை அண்ணாநகர் வாசகர்)

சொல்ல முடியாது. 2004-இல் தொடங்கிய அந்த லீக் ஜூலையில் நடக்கும் தேர்வுக்களம். அப்போதுதான் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில்) வந்தவர்கள், யாரும் எடுக்காதவர்கள், வெளிநாட்டு லீக்குகளில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு ஒப்பந்தத்துக்காக முட்டி மோதுவார்கள். என்.பி.ஏ.வில் 12 நிமிடக் குவார்ட்டர், 6 ஃபவுலுக்கு வெளியே. சம்மர் லீக்கில் 10 நிமிடம், ஆனால் 10 ஃபவுல் வரை அனுமதி. தேர்வுக்கு வந்த வீரர் ஃபவுலில் சீக்கிரம் உட்கார்ந்துவிட்டால் அணிகள் எதைப் பார்ப்பது?

பஞ்சாபின் சத்னம் சிங்கை 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாக டிராஃப்டில் எடுத்தது; அந்த ஆண்டு அவர் சம்மர் லீக்கில் ஆடினார். பிரின்ஸ்பால் சிங் 2021-இல் கோப்பை வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் இருந்தார். இருவரும் என்.பி.ஏ. லீக் ஆட்டம் எதிலும் இறங்கவில்லை. கோடையில் நடக்கும் முழுமையான தொழில்முறை லீக் வேண்டுமென்றால் பெண்களின் டபிள்யூ.என்.பி.ஏ.வைப் பாருங்கள். 1997 முதல் ஆண்கள் லீக் ஓய்விலிருக்கும் கோடைக் காலத்தில்தான் நடக்கிறது.

நடு ஆட்டத்தில் கரன்ட் போய் ஸ்கோர் போர்டு அணைந்துவிட்டால்? (உசிலம்பட்டி வாசகர்)

ஸ்கோர் ஷீட்தான் அத்தாட்சி, போர்டு வெறும் அலங்காரம். டைமர் பக்கத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் எப்போதும் ஓடட்டும். கரன்ட் போன கணமே நிமிடம், விநாடி, பந்து யாரிடம், கூடைக்கு எறிய உள்ள 24 விநாடியில் மிச்சம் எவ்வளவு, அணிக்கு எத்தனை ஃபவுல் என்பதைத் தாளில் குறித்து நடுவர் கையெழுத்து வாங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் வீரர்கள் மறுபடி வார்ம் அப் செய்ய 5 நிமிடமாவது கொடுங்கள். ஜெனரேட்டரை ஃப்ளட்லைட்டுக்கு மட்டும் இணைத்துவிட்டு ஸ்கோர் மேசையை மறந்துவிடுவதே வழக்கமான தவறு.

வெளியூர் 'கெஸ்ட் பிளேயர்'களைச் சம்பளத்துக்கு எடுக்கிறோம். என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? (பெருங்குடி வாசகர்)

ஆட்டத்துக்கு இவ்வளவா, தொடர் முழுமைக்கும் சேர்த்தா என்பது முதல் வரி. மழையில் ஆட்டம் ரத்தானால் அந்தப் பணம் உண்டா? காயம்பட்டு உட்கார்ந்தால் மீதி ஆட்டங்களுக்கு உண்டா? எக்ஸ்-ரே, ஸ்கேன் செலவு யாருடையது? பரிசுத் தொகையில் பங்கு எத்தனை? தகராறு எல்லாம் இந்த நான்கில்தான் வரும். பயணப்படி, தங்குமிடம், சாப்பாடு பற்றியும் ஒவ்வொரு வரி போதும். வங்கியிலோ அரசுத் துறையிலோ வேலை பார்ப்பவர் என்றால் அலுவலக அனுமதிக் கடிதம் கட்டாயம். இல்லையென்றால் வம்பு அவர் வேலைக்கே வரும்.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வந்திறங்கிய அன்றும், ஒரு பங்கை லீக் பாதியிலும், கடைசிப் பங்கை இறுதி ஆட்டத்துக்கு முன்னும் கொடுப்பது நல்ல ஏற்பாடு. 'ஃபைனல் முடியட்டும்' என்று இழுத்தால் அடுத்த ஆண்டு நல்ல ஆள் வரமாட்டார். அணிக்கு 2 கெஸ்ட் என்று வரம்பு வைத்து, பெயர்ப் பட்டியலை முதல் ஆட்டத்துக்கு முதல் நாள் இரவே மூடிவிடுங்கள். திறந்து வைத்திருந்தால் அரையிறுதியன்று கோவையிலிருந்து ஒரு கார் வந்து நிற்கும்.