குரோட்டன்ஸ் வாங்கும்போது இருந்த நிறம் வீட்டுக்கு வந்ததும் ஏன் மங்குகிறது?

வரவேற்பறை மூலையில் வைத்த குரோட்டன்ஸ் பச்சையாக மாறி, இலையும் கொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் வெளிச்சம்தான். ஒளி குறைந்தால், கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளச் செடி பச்சையத்தைக் கூட்டுகிறது; சிவப்பும் மஞ்சளும் அமுங்கிவிடும். தினமும் சில மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. நிழலில் இருந்த இலை திடீர் உச்சி வெயிலில் கருகும். முற்றி, நிறம் மங்கிய இலை பழைய நிறத்துக்குத் திரும்புவது அரிது. நிறம் திரும்புகிறதா என்று புதுத் துளிரில் பாருங்கள்.

இலை உதிர்வதற்கு இட மாற்றமே போதும், பயப்பட வேண்டாம். பயந்துபோய் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரும்பாலும் செடியைக் கொல்கிறது: ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். விரலை இரண்டு, மூன்று செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிப் போட்டாலும் பச்சைதான் தூக்கும்.

கவாத்து செய்யும்போது (கிளைகளை வெட்டிவிடும்போது) கையுறை போடுங்கள், செடியின் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும். வெளிச்சம் குறைந்த அந்த வரவேற்பறை மூலைக்கு மணி பிளான்ட்டே பொருத்தம்.