டப் வேண்டாம், பக்கெட்டே போதும்

வாடகை வீடு, டப் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பிசுக்கும் போவதில்லை, சாயங்காலம் தலையும் கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் எண்ணெயைக் குறையுங்கள். தலைக்கு 2 ஸ்பூன் நல்லெண்ணெய் தாராளம். நாலைந்து மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு, சீரகம் பொரிந்ததும் இறக்கிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தேய்த்து, அரை மணி நேரம் விட்டால் போதும்.

பிசுக்கு போகாததற்குக் காரணம் பெரும்பாலும் தலையை முதலில் நனைத்துவிடுவதுதான். சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்து, தண்ணீர் படாத தலையிலேயே அழுத்தித் தேயுங்கள். எண்ணெயை அது பிடித்துக்கொண்டு வந்துவிடும். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்ளுங்கள், எரிச்சல் தாங்காது! அப்புறம் வெந்நீர். உடம்புக்குப் பயத்தமாவு.

தலைபாரத்துக்கு ஈரம்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. நன்றாகத் துவட்டிக் காயவையுங்கள். ஈரத்தலையோடு படுக்க வேண்டாம்.

வார நாட்களில் எண்ணெயெல்லாம் எதற்கு? படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளியுங்கள். கை கால் வழியாக உடல்சூடு வெளியேறி உள்சூடு இறங்கும்போது தூக்கம் தானாக வரும்.

ஞாயிறு குளித்து முடித்ததும் மீதி சீயக்காயைத் தரையில் போட்டுத் தேய்த்துவிடுங்கள், அடுத்து வருபவர் வழுக்கி விழாமல் இருக்க.