நாஸ்கார் கார்கள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?

ஸ்டாக் கார் என்றால் முதலில் ஷோரூமில் விற்கிற அதே கார்தான். அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் 1949இல் அப்படித்தான் பந்தயத் தொடரைத் தொடங்கியது. கார் நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 1970 வாக்கில் டாட்ஜ் டேடோனாவும் பிளிமத் சூப்பர்பேர்டும் கூர்மூக்கோடு, பின்னால் உயரமான இறக்கையோடு வந்து நின்றன. அந்த ஆண்டு ஒரு டேடோனா சுற்றிவரும் பந்தயத் தடத்தில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது. என்ன அழகான காலம் அது! ஆனால் செலவும் ஆபத்தும் எகிறின. 1971இல் இறக்கைக் கார்களின் இன்ஜின் அளவை நாஸ்கார் வெட்டிவிட்டது.

விதிகள் இறுகிக்கொண்டே வந்து, 2022 முதல் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), கியர்பாக்ஸ், சக்கரம் ஒவ்வொன்றையும் எல்லா அணிகளும் அந்தந்தப் பாகத்துக்கான ஒரே சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். சிறிய அணியும் தாக்குப்பிடிக்கட்டும் என்பதே காரணம். பிரியாணிப் போட்டியில் அடுப்பு, பாத்திரம், அரிசி பொது. மசாலா மட்டும் அவரவருடையது என்பது போல. நியாயமான ஏற்பாடுதான், ஆனாலும் பழைய துணிச்சல் இல்லாதது எனக்கு வருத்தமே.

அதற்காக ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு என்று நினைக்க வேண்டாம்: செவ்ரோலே, ஃபோர்டு, டொயோட்டா மூன்றுக்கும் வி8 இன்ஜினும் வெளி உடல் வடிவமும் இன்றும் தனித்தனிதான்.