டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது ஏன்?

ஆண்களின் முக்கிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உடல் போதுமான அளவு சுரக்காதபோது, அதை ஊசியாகவோ ஜெல்லாகவோ வெளியிலிருந்து கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. இந்தியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும் என்பதால், லேப் பில் நம் கைக்காசு. அதனாலேயே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

எதை விட்டாலும் ஹீமடோக்ரிட்டை விடாதீர்கள். ரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். மாவு கெட்டியானால் தோசை கல்லில் பரவாது இல்லையா? ரத்தமும் அப்படித்தான்; ஓட்டம் சிரமப்படும், உறையும் அபாயம் கூடலாம். 54 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக மருத்துவர் மருந்தை நிறுத்திவைப்பார்.

சரி, செலவு? பெரிய பேக்கேஜ் வேண்டியதில்லை. ரத்த அணுக்களை எண்ணும், விலை குறைந்த சி.பி.சி. பரிசோதனையிலேயே ஹீமடோக்ரிட் வந்துவிடும். சிகிச்சைக்கு முன் ஒன்று, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒன்று, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. டெஸ்டோஸ்டிரோன் அளவும், வயதைப் பொறுத்து பி.எஸ்.ஏ.வும் (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) மருத்துவர் சொல்கிறபடி.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, டெஸ்ட் எதற்கு?" என்று நினைப்பது தவறு: ரத்தம் கெட்டியாவது பெரும்பாலும் வெளியே தெரியாது.