பவளம் போட்டால் தொட்டித் தண்ணீர் தெளியுமா?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் 3 ஏக்கரில் இறால் குட்டை வைத்திருக்கிறேன். வீட்டுக் கூடத்தில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி போட்டேன். குட்டைக்கு இழுக்கும் கடல் தண்ணீரையே நிரப்பி, கரையில் பொறுக்கிய முருகைக்கல்லை (செத்த பவளக் கல்லை) அடுக்கி, இரண்டு கோமாளி மீன் விட்டேன். பத்து நாளில் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கிவிட்டது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "உயிருள்ள பவளம் நாலு கொத்து எடுத்துத் தருகிறேன், போட்டால் தண்ணீர் தானே தெளிந்துவிடும்" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பவளம் தண்ணீரைத் தெளிய வைக்காது. தண்ணீர் ஏற்கெனவே தெளிந்து நிலையாக இருந்தால்தான் பவளமே பிழைக்கும். இப்போது இருக்கும் நிலையில் போட்டால் அது செத்து அழுகி, மீனையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

அதைவிடப் பெரிய சங்கதி சட்டம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறியும் கருப்புப் பவளமும்கூட, 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. மாட்டினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். எனவே நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் முருகைக்கல்லையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். எடுத்துத் தருகிறேன் என்றவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சட்டம் அனுமதிக்கிற நாடுகளில் வீட்டில் பவளம் வளர்ப்பவர்கள் படும் பாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு முக்கால்வாசிச் சோறு போடுகிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 2010, 2016 கோடைகளில் உங்கள் கடலிலேயே அப்படி நடந்தது. அதனால் அவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்து 25, 26 டிகிரியில் நிறுத்துகிறார்கள். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), காரத்தன்மை 140 முதல் 160 பி.பி.எம். என்று வாராவாரம் அளக்கிறார்கள். பவளம் வளர வளர இரண்டையும் உறிஞ்சும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண்டையைப் பிளக்கும் ராமநாதபுரத்து வெயிலில் இத்தனை செலவு தேவையா என்பது என் கேள்வி.

சரி, மீனைப் பார்ப்போம். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் அமோனியாவைப் பற்றி இறால்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குட்டைக்கு வைத்திருக்கும் அதே டெஸ்ட் கிட்டால் தொட்டித் தண்ணீரில் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று ஏறித்தான் இருக்கும். அவற்றைத் தின்னும் பாக்டீரியா புதுத் தொட்டியில் ஊறிப் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் அதற்குள் மீனை விட்டுவிட்டீர்கள். கடல் தண்ணீரின் பி.எச். 8.2 பக்கம் நிற்பதால், கொஞ்ச அமோனியாவே அதிக விஷமாகிறது. அப்புறம், வீட்டில் இருக்கிறதே என்று இறால் தீவனத்தைப் போடுகிறீர்களா? அது நேரே அடியில் போய் ஊறி அழுகும். தண்ணீர் பாலாக மாறுவதற்கு அது ஒன்றே போதும்.

இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஏரேட்டரைக் கூட்டி வையுங்கள். இரண்டு நாள் தீவனம் வேண்டாம். மீனை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றித் தினமும் பாதித் தண்ணீர் மாற்றிக்கொண்டு, கண்ணாடித் தொட்டியை நிதானமாகத் தயார் செய்வது இன்னும் நல்லது. மாற்றும் தண்ணீரைக் குட்டையிலிருந்து எடுக்காதீர்கள். கடலிலிருந்து வரும் தண்ணீரை எடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் என்றால் நன்றாகக் காற்றூட்டி, குளோரின் துளியும் இல்லை என்று கிட்டில் பார்த்த பிறகே ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், அந்த மாதங்களில் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வைத்து அளக்காமல் ஒரு குடம்கூட ஊற்ற வேண்டாம்.

முருகைக்கல்லுக்குப் பதில் நாட்டு ஓடு, உடைந்த மண்சட்டி, சுட்ட செங்கல் துண்டு இவற்றை அடுக்கலாம். பாக்டீரியாவுக்கு வேண்டியது நுண்துளை உள்ள பரப்புதான். அது பவளமா ஓடா என்று பாக்டீரியா பார்ப்பதில்லை. சிமெண்டும் மட்டி ஓடும் குழைத்துப் பாறைபோல் செய்பவர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் சிமெண்டின் காரம் இறங்கி பி.எச். 8.3க்கு வரும்வரை வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது ஆவியாகும் தண்ணீரில். உங்கள் தொட்டியில் கல் போக ஏறக்குறைய 220 லிட்டர் நிற்கும். கோடையில் மின்விசிறிக் காற்றில் ஒரு வாரத்தில் 20 லிட்டர் குறைந்தால், 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு 38.5க்குப் போய்விடும், ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. குறைந்ததைக் கடல் தண்ணீரால் நிரப்பினால் உப்பு இன்னும் ஏறும். ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், அதுவும் வாரம் ஒருமுறை மொத்தமாக இல்லாமல் தினமும் கொஞ்சமாக. கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள், வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்த்து ஊற்றிவிடலாம்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்து சொல்வார்கள். தனித் தொட்டியில் வைத்துக் கொடுங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் அது கல்லிலும் மணலிலும் ஒட்டி நிற்கும், பின்னாளில் இறாலோ நத்தையோ விட்டால் பிழைக்காது.

கோமாளி மீனுக்கு, கடலில் அது குடியிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரி கட்டாயமில்லை, சாய்த்து வைத்த மண்சட்டியே போதும். உங்கள் இரண்டும் ஒத்துப்போனால் பெரியது பெண்ணாக மாறும், சின்னது ஆணாகவே நிற்கும். சட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் முட்டை ஒட்டியிருப்பதைக் கண்டால், ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நிற்கும், கையை விட்டால் கடிக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு பொரியும். குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி, பிறகு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரி. இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இரண்டையும் வளர்க்கும் முறையைக் காட்டுவார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் கைதேர்ந்தவர்கள். அடுத்த ஜோடி வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டித் தீவனத்துக்குப் பழகியிருக்கும், கடலில் பிடித்த மீனைவிட எளிதில் நிலைக்கும்.